எத்தியோப்பிய டொக்டர் சாப்பிட வந்த அன்று

சுவிஸில் ஊஸ்டர் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அந்த எத்தியோப்பியப் பெண் டொக்டர் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை சுற்றும்.

அவர் தன் நாட்டில் குழந்தை மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் முதல் பிரிவைத் தொடங்கியவர். அதற்கு முன் மேற்படிப்புக்கு வெளிநாடு போனவர்களில் பலர் திரும்பவேயில்லை. இவர் திரும்பிப் போய் உள்ளூரிலேயே ஆட்களை உருவாக்கினார். இப்போது அவர்களும் படிப்பிக்கிறார்கள். நான் உதவி டொக்டராக இருந்த சூரிச் மருத்துவமனைக்கு ஓராண்டு வந்திருந்தார். இங்கேயே இருந்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள், மாட்டேன் என்றுவிட்டார். அது போதாதென்று, இரண்டு வருடம் தன் நாட்டுக்கு வந்து தன்னோடு படிப்பிக்கும்படி என்னைக் கேட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை.

அப்பா அகதியாக வந்தவர். டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டே வதிவிட பெர்மிட்டுக்காகக் காத்துக் கிடந்தவர். வெளிநாட்டுக்காரர் யார் வீட்டுக்கு வந்தாலும் அது விசா அலுவல்தான் என்பது அவருடைய முடிவு. டொக்டர் சோற்றில் கை வைக்குமுன்பே அப்பா தொடங்கிவிட்டார்.

"நாட்டுப்பக்கம் போகவே கூடாது. போனா பெர்மிட்டைப் பறிச்சுப் போடுவாங்கள். தங்கச்சிக்கு வடிவாச் சொல்லு."

எரிச்சலோடு ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் சிரித்தார்.

"நான் அடுத்த மாதம் போகிறேன். மகளையும் அனுப்பச் சம்மதித்தீர்களே, பெரிய மனசு உங்களுக்கு" என்றார்.

வீட்டில் கேட்காமல் ஒரு பெண் தலையாட்டுவாள் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"என்னவாம்?" என்றார் அப்பா.

நான் திருதிருவென்று விழித்தேன். பொய் சொல்லவும் வரவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன்.

அப்பா தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஏதோ பிழை நடந்துவிட்டதென்று டொக்டர் பதறியிருக்க வேண்டும். சோற்றைக் கறியோடு குழைத்து உருட்டி அப்பாவின் வாயருகே நீட்டினார். மதிப்பானவர்களுக்குத் தம் கையால் ஊட்டுவது அவர்கள் வழக்கம்.

"இவ ஏன் எனக்குத் தீத்துறா?"

"மரியாதையாம் அப்பா. வேண்டாமெண்டா குறை நினைப்பா."

அப்பா வாயைத் திறந்தார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோபமா, கவலையா, கறியின் உறைப்பா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எனக்குத் திரும்பிப் போக ஏலாமப் போச்சு. நீ போனா, திரும்பி வருவியோ?"

"ஓம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பா என்ன கேட்கிறார்?" என்று டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை.