பட்டாளத்துச் சமையல்காரர் போட்ட கையெழுத்து

ஆரோக்கியசெல்வி அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல், விரல் முட்டியால் திரையைத் தள்ளிப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு எழுந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பாதி மீன் ஆயாமலேயே கிடந்தது.

மெயில் அவள் கணவர் புகழேந்திக்கு வந்தது. அவர் அரபு நாட்டில் அமெரிக்கப் பட்டாளத்தின் முகாமில் ஒன்பது வருஷம் சமையல் வேலை செய்தவர். போன பிப்ரவரியில் ஒரு காலை, அங்கே மேற்பார்வை பார்த்த ஆளின் காலில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. வேண்டுமென்றே கொட்டினாரா என்று அமெரிக்கக் கோர்ட்டு விசாரிக்கிறதாம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் ஆஜராக வேண்டும். கூடவே ஒரு தாள். 'நான்தான் செய்தேன், என் தப்பு' என்று இங்கிலீஷில் டைப் அடித்து, அடியில் புகழேந்தியின் தமிழ்க் கையெழுத்து.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள் ஆரோக்கியசெல்வி. "படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறவள்.

"இத எப்பங்க போட்டீங்க?"

அவர் போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்கே."

"படிச்சீங்களா?"

"இங்கிலீஷ்ல இருந்துது செல்வி. போடுன்னாங்க. போட்டா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அனுப்பிட்டாங்க இல்ல?"

"அப்ப அனுப்புனது வூட்டுக்கு. இப்ப கூப்புடறது ஜெயிலுக்கு."

புகழேந்தி கிளியனூர்க்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி வளர்த்த பிள்ளை. பன்னிரண்டு வயதில், யாருடைய ஆடோ பண்ணையார் கண்ணையன் நிலத்தில் மேய்ந்ததற்கு இவர் போய்க் கைகூப்பி நின்றார். கண்ணையன் இரண்டு வசவோடு விட்டுவிட்டார். ஆட்டுக்காரன் மகன் மறுக்கப் போய் முதுகு வீங்கி வந்தான். அவர்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த வழிதான் இது: முதலில் கும்பிடுகிறவனுக்கு அடி குறைவு. பைபாஸ் ஓட்டலில் வேலை பார்த்தபோது யார் தட்டை உடைத்தாலும் "என் தப்புதான் மொதலாளி" என்று இவர் குரல்தான் கேட்கும். கூட இருந்தவர்கள் 'கும்புடு' என்றே பேர் வைத்தார்கள். கல்யாணமான புதிதில், மாமியார் வைத்த குழம்பில் உப்பு கூடிப்போனதற்கும் இவர் மன்னிப்புக் கேட்டார். ஆரோக்கியசெல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த மனுஷனோடு காலம் தள்ளிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்போர்ட்டை பீரோவிலிருந்து எடுத்து அரிசி டிரம்மில் வைத்தாள். அரிசியிலா தேட மாட்டார்கள் என்று எடுத்து, திரும்பவும் பீரோவிலேயே வைத்தாள். தெருவில் ஜீப் நின்றால் கதவைச் சாத்தினாள். திங்கட்கிழமை கடைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். ஆதார் கார்டை நீட்டி, "முன்ன பின்ன ரெண்டு காப்பி" என்றார். அவள் கோணலாகச் செருகிய தாள் மெஷினில் சிக்கிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி விழுப்புரம் போனார்கள். வக்கீல் கோதண்டபாணி கோர்ட்டு முடிந்து வந்து, சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டு மெயிலைப் படித்தார்.

"சார், நடந்தது அரபு நாட்டுல. இவரு நம்ம நாட்டு ஆளு. அமெரிக்காக்காரன் எப்படி சார் கேஸ் போடுவான்?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"பட்டாளம் எங்க போனாலும் அவன் சட்டமும் பின்னாடியே போவும்மா. துப்பாக்கி புடிக்கறவனுக்கு மட்டும் இல்ல. சமைக்கிறவன், துணி தொவைக்கிறவன், காண்டிராக்ட்ல போன எவனையும் அவங்க கோர்ட்டு கேக்கலாம். அதுக்குன்னே சட்டம் வச்சிருக்கான். அந்த ஊர்க்காரனா இருந்தா வுட்டுருப்பான். இவரு மூணாவது நாட்டு ஆளு, மாட்டிக்கினாரு."

"நம்ம கோர்ட்டு?"

"அதுவும் கேக்கலாம், டெல்லி அனுமதி குடுத்தா. அரபு நாட்டுக்காரனும் கேக்கலாம். மூணு வூட்டுக்காரனும் வாசல்ல நிக்கறான். எவன் கைய புடிச்சி இழுப்பான்னுதான் தெரியல."

அவர் சிரித்தார். எதிரில் யாரும் சிரிக்கவில்லை.

"இங்கேருந்து தூக்கிக்கினு போவ முடியுமா சார்?"

"ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்குது. லேசுல நடக்காது. நடக்கவே நடக்காதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்." புகழேந்தி பக்கம் திரும்பினார். "எல்லாம் வியாழக்கிழமை நீ பேசறதுல இருக்குதுய்யா. இப்ப நான்தான் வீடியோவுல கேள்வி கேக்கற ஆபீசர். மிஸ்டர் புகழேந்தி, வாட் ஹேப்பன்ட்?"

புகழேந்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். கை தானாகக் குவிந்தது. "ஸாரி சார். மை மிஸ்டேக்."

வக்கீல் மேசையைத் தட்டினார். "யோவ்! இத சொல்லித்தானேய்யா மாட்டிக்கினே? உக்காரு. எண்ணெ எப்படிக் கொட்டுச்சி, அத மட்டும் சொல்லு."

"சட்டிய எறக்கினேன் சார். அவரு பின்னாடி நின்னாரு. திரும்பினேன், இடிச்சிடுச்சி."

"தெரியாம?"

"ஆமாங்க சார்."

"அவனுக்கும் உனக்கும் முன்னாடி தகராறு உண்டா? இல்லன்னு சொல்லிட்டுப் பின்னாடி சாட்சி வந்தா தொலைஞ்சோம்."

புகழேந்தி பேனா ஸ்டாண்டைப் பார்த்துச் சொன்னார்.

"அதுக்கு மொத நாளு அடிச்சாரு சார். எல்லாரும் சாப்புடற எடத்துல, கன்னத்துல. முட்டை கருகிடுச்சின்னு."

ஆரோக்கியசெல்வி அவரைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் வீடியோவில் பேசிய மனுஷன். அன்றைக்கும் பேசினார். வெயில் அதிகம் என்றார்.

"நீ என்னா பண்ணே?" என்றார் வக்கீல்.

"மன்னிப்பு கேட்டேன் சார்."

"சரி. அடுத்த நாளு காலைலதான் எண்ணெ கொட்டுச்சி." வக்கீல் பேனாவை மூடினார். அவர் போன் அடித்தது. "இருங்க, வந்துடறேன்" என்று வெளியே போனார்.

நான்கு நாளாக ஆரோக்கியசெல்வி பயந்தது அமெரிக்காக்காரனுக்கு. ஜீப்புக்கு, போலீஸ்காரருக்கு. இப்போது பக்கத்து நாற்காலியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்னாண்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா நீ அழுவே."

"இப்ப மட்டும் சிரிக்கிறனா?" குரலைத் தாழ்த்தினாள். "வக்கீலாண்ட எத வேணா சொல்லிக்குங்க. வீடியோவுல எத வேணா சொல்லுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா?"

இந்தத் தடவை புகழேந்தியின் கை குவியவில்லை. மடியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.