இருபத்துமூன்று கிருஷ்ணகுமாரிகள்

கிருஷ்ணராஜுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. அதை வைத்துக்கொண்டு எங்கள் அச்சகத்தில் ஏழு வருடம் கலைஞனாக வலம் வந்தான். நான் பக்கத்துக் கணினியில் எழுத்துக் கோத்தவள். என் பெயர் ஸுமைரா. அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நேரத்துக்கு வேலைக்கு வருவான். அதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

இரத்தினபுரியில் ஆறு மாதம் கணினி படித்துவிட்டு 1999இல் கஹவத்தைக்கு வந்தான். அச்சகத்தின் முதலாளி ஹஸன் ஹாஜியாருக்குக் கணினி என்றால் பயம். பயப்படுகிற முதலாளியிடம் எவனும் மேதை ஆகலாம்.

வித்தை இதுதான். கோரல்ட்ரோ என்ற படம் வரையும் மென்பொருளில் ஒரு பூவைக் கீறுவான். அதையே பிரதி எடுத்து மறுமுனையில் வைப்பான். நடுவில் எத்தனை பூ வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தால் கணினியே நிரப்பிவிடும். பிறகு ஒரு வளைகோடு கீறி, பூக்களை அதன்மேல் வரிசையாக ஏற்றுவான். ஒரு சின்னக் கட்டத்தில் சரி போட்டால், கோடு சாயும் இடத்தில் பூவும் சேர்ந்து சாயும். பத்து நிமிட வேலை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் இழுப்பான், நடுவில் கண்ணை மூடிக்கொள்வான். கல்யாண அட்டையில் வெற்றிலை வளைந்து போகும். பெருநாள் வாழ்த்தில் பிறை வளைந்து போகும். ஒருமுறை மரண அறிவித்தலில், இறந்தவரின் படத்தைச் சுற்றிப் பலூன் வளைந்து போனது. தோட்டத்திலிருந்து மகன் வந்து, பலூன் எதற்கு என்று கேட்டார்.

"அது டிசைன். உங்களுக்கு விளங்காது" என்றான்.

அதையும் சிங்களத்தில் சொன்னான். தோட்டத்து ஆட்கள் வந்தால் அவனுக்குத் தமிழ் மறந்துவிடும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் பஸ்ஸில் தமிழ் பேசப் பலரும் தயங்கினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அச்சகத்துக்குள் யாருக்குப் பயம்? இவன் கஹவத்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். கேட்டால் ஊர் இரத்தினபுரி என்பான்.

2004இல் அதே தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, தேயிலைப் பெட்டிக்குப் படம் கேட்டு வந்தார். கிருஷ்ணராஜ் கணினியில் கிடந்த ஒரு ஆயத்தப் படத்தை எடுத்தான். கூம்புத் தொப்பி போட்ட சீனத்துப் பெண். அவளையே வளைகோட்டில் வரிசையாக ஏற்றினான். பிறந்ததிலிருந்து கொழுந்துக் கூடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தன் மலையில் யாரும் அந்தத் தொப்பி போடுவதில்லை என்பது உறைக்கவில்லை.

துரைக்கு வளைவு பிடித்துவிட்டது. "நம்ம பொம்பளைகளையே இப்படி நிக்க வச்சு எடு" என்றார்.

ஹாஜியாரின் கமராவோடு போனோம். பெயர்களைக் குறித்துக்கொள்ள என்னையும் அனுப்பினார்கள். கிருஷ்ணராஜ் கையில் ஒரு அளவு நாடாவும் ஒரு பை சுண்ணாம்பும் இருந்தன. எதற்கு என்று மலைக்குப் போனதும்தான் தெரிந்தது. சரிவின் குறுக்கே சுண்ணாம்பால் வளைகோடு போட்டான். நான்கடிக்கு ஒரு புள்ளி வைத்தான். ஒவ்வொரு புள்ளியிலும் ஒருத்தி, மொத்தம் இருபத்துமூன்று பேர். எல்லாரும் இடது கையைத் தூக்கி, வலது பக்கம் முகம் திருப்ப வேண்டும்.

ஒரு புள்ளி செடிக்குள் விழுந்தது. இன்னொன்று பாறையில். மூன்று புள்ளிகள் கானுக்குள், ஓடுகிற தண்ணீரில்.

முன்னால் நின்ற தங்கம்மா அவனை உற்றுப் பார்த்தார். "ராசுதானே? அம்மாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?"

கிருஷ்ணராஜ், வேடிக்கை பார்க்க வந்து நின்ற துரையின் பக்கம் திரும்பி, இவர் யாரென்று தனக்குத் தெரியாது என்று சிங்களத்தில் சொன்னான்.

தங்கம்மா அவனைவிட நல்ல சிங்களத்தில் துரையிடம் சொன்னார்: "இவன் பிறந்தப்போ தொப்புள்கொடி அறுத்தது நான்தான், ஐயா."

பெண்கள் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். கிருஷ்ணராஜ் குனிந்து கமராவைத் துடைத்தான்.

"நிரையே வளைஞ்சுதான் போவுது, தம்பி" என்றார் தங்கம்மா, இப்போது தணிந்த குரலில். "நாங்க பாட்டுக்குக் கொழுந்து எடுக்கிறோம். நீ அங்கிட்டு நின்னு படம் புடி."

அவர் கை காட்டிய இடத்தை நானும் பார்த்தேன். தேயிலை நிரைகள் மலையின் வயிற்றைச் சுற்றி அழகாக வளைந்து போயின. கண் உள்ள எவனும் அதை எடுத்திருப்பான்.

"இடைவெளி சமமா வராது" என்றான் கிருஷ்ணராஜ்.

இரண்டு மணி நேரம் கத்தினான். ஒருத்தியை நகர்த்தினால் மற்றவள் வழுக்கினாள். காலில் அட்டை ஏறியவள் குனிந்தாள். கை வலித்தவள் கையை இறக்கினாள். கடைசியில் மழை கொட்டியது. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கமராவில் உருப்படியாக ஒரே ஒரு உருவம் தேறியது. கிருஷ்ணகுமாரி என்ற பெண், இடது கை தூக்கியபடி, முகம் மலர்ந்து.

அவன் அவளைக் கணினியில் கோடு கோடாகக் கீறி நிறம் கொடுத்தான். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி, நடுவில் இருபத்தொன்று. பிறகு அந்தச் சின்னக் கட்டத்தில் சரி போட்டான். பூ சாய்ந்தால் அழகு. மனுஷி சாய்ந்தால் விழுகிறாள். இரண்டு ஓரத்திலும் இருந்த கிருஷ்ணகுமாரிகள் மலையிலிருந்து உருளப் போகிறவர்கள் போல் தெரிந்தார்கள். சொன்னேன்.

"மிஸ், நீங்க டைப் பண்ணுங்க" என்றான்.

பெட்டி கடைகளுக்கு வந்த வாரமே கிருஷ்ணகுமாரி பஸ் ஏறி வந்துவிட்டாள். பெட்டியை அவன் மேசையில் வைத்தாள்.

"என்னையவே இருபத்திமூணு தடவ போட்டிருக்கீங்க. மத்தவங்க எங்க, அண்ணே? மழையில அவங்களுந்தானே நின்னாங்க?"

"நீங்கதான் சொன்னமாதிரி அழகா நின்னீங்க."

"நா எங்க நின்னேன்? மேல இருந்த மரக் கொப்பைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். தங்கம்மா அத்தை ஒங்களப் பத்தி ஒண்ணு சொன்னாங்க, அதுக்கு."

"என்ன சொன்னாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "அத இங்க சொல்லக் கூடாதுங்க" என்றுவிட்டுப் போனாள். அன்று முழுவதும் அவன் எந்தப் பூவையும் வளைக்கவில்லை.

2006இல் அந்தப் பெட்டியைக் காட்டியே கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை வாங்கிவிட்டான். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. அவனுடைய கணினி எனக்கு வந்தது. மறு வருடம் துரை மீண்டும் பெட்டி அடிக்கக் கேட்டார். நான் ஒரு காலையில் மலைக்குப் போய், பெண்கள் நிரையில் கொழுந்து எடுப்பதை அப்படியே எடுத்து வந்து காட்டினேன். தங்கம்மா முன்னால் இருந்தார். முகங்கள் எல்லாம் வேறு வேறு.

துரை மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பக்கம் பாக்கிறாளே. ஒழுங்கே இல்லையே. பழையதையே அடிச்சிடுங்க."

சரி சேர் என்றேன். ஐயாயிரம் பெட்டி அடித்துக் கொடுத்தேன். ஓரத்துப் பெண்களை நிமிர்த்தக்கூட இல்லை.