குறட்டை நின்ற நேரம்

எங்களைப் போன்ற நெசவுக் குடும்பங்களில் தறிச் சத்தம் யார் தூக்கத்தையும் கெடுக்காது. சத்தம் நின்றால்தான், இழை அறுந்துவிட்டதோ என்று பதறி விழிப்போம். என் கணவரின் குறட்டை விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எனக்கு வேலை செய்யவில்லை.

வீடே அதிரக் குறட்டை விடுவார். நடுவில் சட்டென்று நின்றுபோகும். சற்றுக் கழித்துத் திணறிக்கொண்டு மீண்டும் தொடங்கும். நிற்கும்போதெல்லாம், அப்பாடா என்று நான் கண்ணயர்வேன். பகலில் அவர் தறியிலேயே தூங்கி விழுவார். "ராத்திரி பூரா தூங்கிட்டு, இங்கயும் தூங்கிக்கினு இருக்கீங்களே!" என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவரின் குறட்டை நின்றது. நிம்மதியாக ராட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "நெஞ்ச அடைக்குதுமா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்திருக்குதுமா. ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல ஆக்சிஜன் குறையும், பிரஷர் ஏறும். தூங்கறப்பகூட இதயத்துக்கு ஓய்வே இல்ல. பக்கத்துல படுக்கறவங்கதான் இதக் கவனிச்சுச் சொல்லணும்" என்றார்.

பலவீனமான இதயத்தோடு அவர் நான்கு மாதம்தான் இருந்தார்.

இப்போதெல்லாம் யார் குறட்டையைப் பற்றிப் பேசினாலும் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். சென்ற மாதம் செவிலிமேட்டிலிருந்து வந்த மகள், "உங்க மாப்பிள்ளை குறட்டையில தூங்கவே முடியலமா" என்று சிரித்தாள்.

"சத்தத்த விடு. நடுவுல நிக்குதா, அதச் சொல்லு" என்றேன்.

மகளின் சிரிப்பு நின்றது.