நான் வழிகாட்டிய இரண்டு வெள்ளைக்காரர்கள்

எங்கள் சங்கத்தின் கால்பந்தாட்டத்தைப் பார்க்க எங்கள் சந்துக்காரர்களே வர மாட்டார்கள். தாராவியில் ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவுமே போதாது. பதினொரு பேர் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டுபோய்த் தோற்பதை யார் நின்று பார்ப்பார்கள்? அப்படிப்பட்ட ஆட்டத்தைப் பார்க்க இரண்டு வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வருகிறார்கள் என்று மாமா வந்து சொன்னபோது, அம்மா அரிசி களைவதை நிறுத்தாமல், "ஏன், அவங்க ஊர்ல சோலி ஒண்ணும் இல்லையாக்கும்?" என்று கேட்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, சங்கத்துக்குக் கேப்டன். பை வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், மாமா போட்டிருந்த சங்கத்து பனியனைப் பார்த்து விசாரித்து, ஊருக்குப் போய்த் தன் நண்பர்கள் இருவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த நண்பர்களுக்கு ஒரு வினோதமான பழக்கம். உலகம் முழுக்கச் சுற்றி, யாருக்கும் தெரியாத சின்னச் சங்கங்களின் ஆட்டங்களாகத் தேடிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பார்களாம். அவர்களுடைய கடிதத்தைப் பட்டறை மேனேஜர் படித்துச் சொல்ல, மாமா அதை எங்களிடம் வந்து ஒப்பித்தார்.

"மொத உதையிலேருந்து கடைசி விசில் வரைக்கும் பாத்தாத்தான் நோட்டுல எழுதுவாங்களாம். அஞ்சு நிமிஷம் பிந்தினாலும் சேத்துக்கிட மாட்டாங்களாம். நம்ம சங்கத்துப் பேரு அந்த நோட்டுல ஏறணும்க்கா."

அதுவரை சங்கத்தின் பெயர் எதிலும் ஏறியதில்லை. ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டிலேயே பெயர் ஏறவில்லை. மாமா கல்யாணிலிருந்து ஒரு டீமை வரச் சொன்னார். செம்பூரிலிருந்து ஒரு ரெஃப்ரியைக் கெஞ்சிக் கூட்டிவர ஏற்பாடு செய்தார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆட்டம். ஏழு மணிக்கு சயான் ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள். ஆட்டக்காரர்கள் நகர முடியாது. எனவே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கும் நான்தான் போய் அழைத்துவர வேண்டும் என்று முடிவாயிற்று. என் இங்கிலீஷ் பசுமாட்டைப் பற்றிய கட்டுரையோடு முடிந்துவிடும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"மருமவனே, வெஸ்ட் பக்கம் எறங்கி நேரா நம்ம சந்து வழியாக் கூட்டிட்டு வந்துரு. கால் மணி நேரம். சந்தப் பத்திக் கவலப்படாத, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் மாமா.

நான் கவலைப்பட்டேன். சந்தைப் பற்றிக் கவலைப்படுவதுதான் அந்த வயதில் என் முழுநேர வேலை. பள்ளிக்கூடத்தில் வீடு எங்கே என்று கேட்டால், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வசதியானவர்கள் இருக்கும் சயான் என்பேன். தாராவிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னோம். நாங்கள் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் சயான் அன்றே பாரம் தாங்காமல் இடிந்து விழுந்திருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கிளம்பியபோது மாமா சொன்ன 'பாத்துக்கிடுதோம்' எதுவும் கண்ணில் படவில்லை. சாக்கடையிலிருந்து அள்ளிய கறுப்பு மண் இரு பக்கமும் குவியலாகக் கிடந்தது. பொதுக் கக்கூஸுக்கு முன்னால் வரிசை. அதில் கிழிந்த பனியனோடு அப்பா, குறுக்கே நுழைந்த ஒருவரைப் பார்த்து, தண்ணீர் பிடித்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவை ஓங்கிக்கொண்டு நின்றார்.

ஸ்டேஷனில் இறங்கியவர்களில் ஒருவர் விளக்குக் கம்பம் மாதிரி உயரம். மற்றவர் குண்டு. உயரமானவரின் சட்டைப் பையில் அந்த நோட்டு எட்டிப் பார்த்தது. "குட் மார்னிங் சார்" என்றேன். அதற்கு மேல் பசுமாடுதான். அவர்களை வெஸ்ட் பக்கமாக அழைத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தேன். அப்பாவும் பெயிண்ட் டப்பாவும் கண்முன்னே வந்து நின்றார்கள். என்னைக் கேட்காமலே என் கால்கள் ஈஸ்ட் பக்கம் திரும்பிவிட்டன.

மனசாட்சிக்கு ஒரு சமாதானமும் கைவசம் இருந்தது. எங்கள் சங்கத்தில் எட்டு மணி ஆட்டம் என்றால் ஒன்பதரைக்குத்தான் பந்துக்குக் காற்றடிப்பார்கள்.

கிங்ஸ் சர்க்கிள் தாண்டி மாட்டுங்காவின் அகன்ற தெருக்களில் அவர்களை ஊர்வலம் விட்டேன். மல்லிகைப் பூக்கடை, காப்பிப் பொடி வாசனை, பெருக்கிக் கோலம் போட்ட வாசல்கள். குண்டுக்காரர் போட்டோவாக எடுத்துத் தள்ளினார். உயரமானவர் கடிகாரத்தைத் தட்டி, "கிக் ஆஃப் எயிட்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "யெஸ் சார், நோ ப்ராப்ளம் சார்." அப்போது குண்டுக்காரர் என் தோளைத் தொட்டு, உன் வீடு எங்கே என்று கேட்டார். எனக்கு நேர் எதிரே பால்கனி வைத்த மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. நான் கையை நீட்டினேன்.

அவ்வளவுதான், என்னை அதன் வாசலில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். முதல் மாடியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்தாள். உயரமானவர் நெஞ்சில் கை வைத்து அவளுக்கு வணக்கம் சொன்னார்.

"யார்டா நீ? எங்காத்து வாசல்ல என்ன போட்டோ? இவாள்லாம் யாரு?"

உயரமானவர் குனிந்து, அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"மதர் சேயிங், கோ, கோ, நோ லேட்" என்றேன்.

கல்யாண வீடுகளில் இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமாவும் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார். யாரோ வழிகேட்டு வந்த டூரிஸ்ட்டுகள் என்று மாற்றிச் சொல்வதால், அது அந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்குத் தெரியாது.

மணி எட்டே கால் என்று உயரமானவர் கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே காட்டியபோதுதான் பயம் புது உயரத்தைத் தொட்டது. ஓடினேன். மாட்டுங்கா ரயில்வே பாலத்தில் ஏறி, தாராவியின் லேபர் கேம்ப் பக்கம் இறங்கி, குண்டுக்காரர் மூச்சிரைக்கப் பின்னால் வர, மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ரெஃப்ரிக்குப் பத்து மணிக்கு வேறு ஆட்டம். அதற்கு மேல் முடியாது என்று விசில் ஊதிவிட்டார். நாலாவது நிமிடத்தில் எங்கள் சங்கம் ஒரு கோல்கூடப் போட்டிருந்தது. நாங்கள் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு வாங்கிய நான்கைத்தான்.

"ஸ்டார்ட்டட்?" என்றார் உயரமானவர்.

"லிட்டில் ஸ்டார்ட்டட் சார்."

அவர் நோட்டை எடுத்தார். பிரிக்காமலே திரும்பவும் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். வெயிலில் கடைசி விசில் வரை இருவரும் நின்று, இரண்டு பக்கத்துக்கும் கை தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மாமா வேர்வையோடு ஓடி வந்தார். "எங்கலே போய்த் தொலைஞ்ச?"

"அவங்கதான் மாமா மாட்டுங்காவப் பாக்கணும்னாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

மாமா அவர்களைப் பார்த்தார். உயரமானவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, என் தலையைத் தடவி, "நைஸ் ஹவுஸ். நைஸ் மதர்" என்றார்.

"என்னல சொல்லுதாரு?"

"மாட்டுங்கா ரொம்ப அழகா இருக்காம்."

மாமா சந்தின் பக்கம் நீட்டப் போன கையை மடக்கி, பெரிய ரோட்டில் ஒரு டாக்ஸியை நிறுத்தி அவர்களை ஏற்றி அனுப்பினார். தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

பிறகு நாங்கள் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தோம். கறுப்பு மண் குவியல் ஒன்றுகூட இல்லை. தரை ஃபினாயில் போட்டுக் கழுவி ஈரமாக இருந்தது. இரு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோடு. கக்கூஸ் வரிசைக்கு முன்னால் யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய ஜமக்காளத்தைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஆட வேண்டிய பதினொரு பேரும் நான் கிளம்பிய பிறகு மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள். வாசலுக்கு வாசல் ஆட்கள் நல்ல சட்டை போட்டு நின்றார்கள். அப்பா பேண்ட் போட்டு, தலையைப் படிய வாரி, இரண்டு நாற்காலிகளுக்குக் காவல் இருந்தார். அம்மா இரவல் வாங்கிய கோப்பைகளை அடுக்கி வைத்து, மூன்றாவது முறையாகத் தேநீரைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அவங்க?"

"அவங்களுக்கு நேரமில்லக்கா" என்றார் மாமா.

அப்பா நாற்காலிகளைத் தூக்கி, வாங்கிய வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தார். நான் இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தேன்.

அடுத்த வருடம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். தாணேயிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள் என்று அம்மா வீட்டைக் கழுவி, கொழுக்கட்டைக்கு மாவு இடித்து வைத்தாள். மாமா அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவில்லை. பட்டறை மேனேஜரிடம் சொல்லி, பெரிய ரோட்டில் இருந்த அவர் வீட்டில் உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்தார். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, அவள் முகத்தைப் பார்க்காமல், "வாரவங்களுக்கு நம்ம சந்து பிடிக்காதுக்கா. அன்னைக்கே பாத்தோம்லா" என்றார். அம்மா கொழுக்கட்டையைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொடுத்தாள்.

ஸ்டேஷனிலிருந்து அவர்களை டாக்ஸியில் அழைத்து வந்தோம். முன் சீட்டில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி நான். எங்கள் சந்து முனையைத் தாண்டியபோது டாக்ஸி நிற்காமல் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமாவுக்கு இப்போதாவது விவரம் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.