கஞ்சி குடித்த விரால்

திருச்செங்கோட்டுத் தெற்குத் தெருவில் யாரையும் வைத்த பெயரோடு விட்டுவிட மாட்டார்கள். நெசவுக்காரர் சண்முகவேலுக்கு ஐம்பது வயது வரைக்கும் 'மீன்முள்ளு' என்று பெயர். விரால் குழம்பு வைத்த நாளில் அவர் இலையில் விட்டுப்போகும் முள்ளைப் பார்த்துப் பூனைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பார்கள். அப்படிப்பட்டவர் கடைசியில் 'சைவ விரால்' என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார். நடுவில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. சர்க்கார் கள்ளுக்கடையை மூடியதும், சாயங்காலம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தெற்குத் தெரு ஆண்கள் தவித்துப்போனார்கள். ஒரு மாதத்துக்குள் அதே முகங்கள் அதே வரிசையில், பக்திப் பாட்டுப் பாடும் அடியார் சபையில் உட்கார்ந்திருந்தன. சண்முகவேலுக்குக் குரல் வளம் உண்டு. அவர் சபையில் பாடத் தொடங்கி, பாடி முடித்து, கேட்டவர்கள் தலையாட்டிய மயக்கத்தில் ஒரு கிருத்திகையன்று எழுந்து நின்று, தானும் தன் வீட்டாரும் இனிமேல் கவிச்சியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். வீட்டார் என்பது அவருடைய மனைவி கந்தம்மாள் ஒருத்திதான். அவள் அப்போது வீட்டில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். தான் சைவமாகிவிட்ட செய்தி பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

சத்தியத்தைக் கேட்டு சபை அவரைத் தலைவராக்கியது. மற்றவர்களுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. தலைவரே விட்டுவிட்ட பிறகு செயலாளர் குமாரசாமி மட்டும் எப்படிக் கோழி அடிப்பது? ஆளுக்கு ஆள் சத்தியம் செய்தார்கள்.

முதல் மாதம் வைராக்கியத்தில் ஓடியது. இரண்டாம் மாதம் சண்முகவேல் தறியிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது. ஊடு நூலை ஓட்டும் நாடா தடுமாறியது. நெய்த சேலையில் பிசகு விழுந்து திரும்பி வந்தது. கடைசியில் பாயில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கந்தம்மாள் ஒரு கத்தரிக்காய் காரக்குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். பத்துப் பதினைந்து நாளில் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. உடம்பு பழகிக்கொண்டது என்று சபையில் விளக்கம் சொன்னார். காய்கறிக்குள்ளேயே இத்தனை ருசி ஒளிந்திருக்க, பாவி மனுசன் ஏன் உயிரைக் கொல்கிறான் என்று கேட்டுக் கண்கலங்கினார். கிருத்திகை தோறும் சபைக்கு அவர் வீட்டில் சாப்பாடு. குமாரசாமி இரண்டாம் முறை குழம்பு கேட்காமல் இலையை விட்டு எழுந்ததில்லை.

எல்லாம் சரிதான், விராலை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. ஏரிக்கரைப் பக்கம் போனால் நடை தானாக மெதுவாகிவிடும். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, சத்தியமும் கெடாமல் விராலும் தின்றுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, ஒருநாள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அர்த்தநாரியிடம் சொல்லிவிட்டார். அர்த்தநாரி எந்தச் சபையிலும் இல்லாதவர், எல்லாம் தின்கிறவர்.

அர்த்தநாரி சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். புல் தின்கிற ஆட்டின் குடலை அவிழ்த்தால் முழம் முழமாகப் போய்க்கொண்டே இருக்கும், கறி தின்கிற நாய்க்குக் குடல் குட்டை. மீனிலும் பாசி தின்கிற மீனுக்கு நீளம், விராலைப் போல மீனையே தின்கிற மீனுக்குக் குட்டை. குஞ்சிலிருந்து என்ன போட்டு வளர்க்கிறோமோ அதற்குத் தக்கபடிதான் குடலும் வளரும் என்று கேள்வி. அவர் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். சண்முகவேலுக்கு அன்று தூக்கம் வரவில்லை. முட்டையை விட்டு வந்த குஞ்சிலிருந்தே சோறும் கஞ்சியும் போட்டு வளர்த்தால் விரால் சைவமாகிவிடாதா? சைவமான விராலைத் தின்பதற்கும் சாணம் போட்டு வளர்த்த பூசணிக்காயைத் தின்பதற்கும் என்ன வித்தியாசம்?

சபையில் இதைச் சொன்னபோது பெரிய கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தார். எழவில்லை. எல்லோரும் ரொம்ப நேரம் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குமாரசாமி, இதைச் சோதிக்காமல் ஒதுக்குவதும் தப்பு, சோதிக்காமல் ஏற்பதும் தப்பு என்று தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார். அடுத்த வாரமே இரண்டு பேர் தனித்தனியாக வந்து, குஞ்சு மிஞ்சினால் சொல்லுங்கள் என்று காதோடு கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஏரியில் வலை போடும் காத்தான், தாய் விரால் காவலிருந்த செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைச் சட்டியோடு மொண்டுவந்து கொடுத்தான். சண்முகவேல் கொல்லைப்புறக் கல்தொட்டியில் விட்டார். தீனிக்கு அவர் யோசிக்கவே இல்லை. பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி தினமும் வீட்டில் இருந்தது. நூலுக்கு விறைப்புக் கொடுக்கும் கஞ்சி குடலுக்குக் கொடுக்காதா என்ன? காலையும் மாலையும் ஊற்றினார். சிவநாமம் சொல்லி ஊற்றினார்.

குஞ்சுகள் வயிறு உப்பி மிதக்கத் தொடங்கின. அர்த்தநாரி ஒன்றைக் கிழித்துப் பார்த்தார். குடல் ஈரக் காகிதம் போல இருந்தது. உள்ளே போன கஞ்சி போனபடியே நின்றது. இந்த வயசுக் குடலுக்கு இது செரிக்காது, பூச்சி புழு வேண்டும் என்றார். சண்முகவேல் கேட்கவில்லை. பிழைத்தவை செத்தவற்றைத் தின்றன, அப்புறம் உயிரோடு இருந்தவற்றையும் தின்றன. அது சகோதரச் சண்டை, சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று தலைவர் முடிவு செய்தார்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் தலை பெருத்து உடம்பு ஒட்டி, தொட்டி மூலையில் அசையாமல் கிடந்தது. சண்முகவேல் தறிக்குப் போக மனமில்லாமல் தொட்டியோரமே உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு மாதம் போல அப்படி. பிறகு திடீரென்று மீன் தேறியது. அசைந்தது, துள்ளியது, தடித்தது. குடல் பழகிக்கொண்டது என்று சபையில் அறிவித்தார். முன்பு உடம்பைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை என்பதை அவரும் கவனிக்கவில்லை, கேட்டவர்களும் கவனிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சோதனை நாள் வந்தது. காத்தான் ஏரியிலிருந்து அதே நீளத்தில் ஒரு விராலைப் பிடித்துவந்தான். சபை முழுவதும் கொல்லையில் கூடியது. எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், கண்ணை யாரும் பொத்தவில்லை. அர்த்தநாரி இரண்டையும் கீறி, குடலை உருவி, நெசவுக்கோலை ஒட்டி நீட்டிவைத்தார். ஏரி விராலின் குடல் குட்டையாக, தடித்துக் கிடந்தது. கஞ்சி குடித்த விராலின் குடல் அதைத் தாண்டி ஒரு சாணுக்குமேல் போனது.

குமாரசாமி இரைப்பையையும் பார்த்துவிடலாமே என்றார். சண்முகவேல் கம்பீரமாக மறுத்தார்.

"எரப்ப நேத்துத் தின்னதத்தாஞ் சொல்லும், குமாரசாமி. கொடலு ஆயுசையே சொல்லும்."

இந்த ஒரு மீனைப் பொறுத்தவரை சைவம் என்று சபை ஒத்துக்கொண்டது. கலைந்து போகும்போது சிலர் வாசலில் தேவைக்குமேல் நின்றார்கள். சண்முகவேல் கதவைச் சாத்தினார்.

கந்தம்மாள் மீனைக் கழுவ அடுப்படிக்கு எடுத்துப்போனாள். அவரும் பின்னாலேயே போய் நின்றார். நாக்கில் ஊறியதை இரண்டு தடவை விழுங்கினார். அவள் இரைப்பையை எறியப் போனபோது அது விரலில் பட்டுக் கிழிந்தது. உள்ளேயிருந்து கஞ்சித் திப்பியோடு சின்னச் சின்னதாகச் சில தலைகள் விழுந்தன. சண்முகவேல் குனிந்து ஒன்றை எடுத்தார். மீன்முள்ளு என்று பெயர் வாங்கியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது நெத்திலி. கடல் மீன். திருச்செங்கோட்டுத் தொட்டிக்குக் கடல் மீன் சந்தையிலிருந்து கருவாடாகத்தான் வரமுடியும், அதுவும் யாராவது கொண்டுவந்தால்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மீனைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"செத்துருமாட்ட இருந்துச்சுங்க. அது செத்தா நீங்களும் படுத்துக்குவீங்கன்னு பயமாப் போச்சு. அதான் தலையக் கிள்ளி அதுக்குப் போட்டனுங்க."

விஷயம் அவ்வளவோடு நின்றிருந்தால் அவர் கத்தித் தீர்த்திருப்பார். ஆனால் அவருக்கு ஒரு கேள்வி எழுந்துவிட்டது. நெத்திலிக்குத் தலை மட்டுமா இருக்கிறது?

"மீதி?" என்றார்.

கந்தம்மாள் அடுப்புக்கு மேல் பரணில், மஞ்சள் தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கலயத்தைப் பார்த்தாள்.

"வறுத்துப் பொடிச்சு, உங்க கொழம்புலதானுங்க. நீங்க பாயில படுத்தீங்களே, அன்னையிலிருந்து."

சண்முகவேல் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காய்கறிக்குள் ஒளிந்திருந்த ருசி, கண்கலங்கிய பேச்சு, பழகிக்கொண்ட உடம்பு எல்லாம் அந்தக் கலயத்துக்குள் இருந்தன. இத்தனை நாளும் அவர் நாக்குக்கு அது தெரியாமல்தான் இருந்ததா என்று நான் கேட்க மாட்டேன். அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் கேட்டது வேறு.

"அத்தன நாளும் பயந்துக்கிட்டேவா இருந்த?"

"ஆமாங்க," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆசைப்பட்ட விராலை அவர் தொடவில்லை. தெரிந்த பிறகு தின்ன முடியாதல்லவா? குழம்பாகச் செய்து சட்டியோடு அர்த்தநாரிக்குக் கொடுத்தனுப்பினார். முழுதையும் தின்று முடித்து, பாவுக் கஞ்சி வாடை அடிக்கிறது என்று அர்த்தநாரி சொல்லியனுப்பினார். ஊரோ, தலைவர் சைவ விராலைக்கூடத் துறந்துவிட்டார் என்று மெய்சிலிர்த்துப் போயிற்று. அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

அடுத்த கிருத்திகை வந்தது. சபை வழக்கம்போல வந்து வரிசையாக உட்கார்ந்தது. காலையில் கந்தம்மாள், என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டபோது சண்முகவேல் பதில் சொல்லாமல் தறிக்குழியில் இறங்கிக்கொண்டார். அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இப்போது அவர் முதல் இலையில் உட்கார்ந்து, எதிரே குமாரசாமி பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சபை கலையும், அவர் மானம் போகும், கந்தம்மாள் தெருவில் நடக்க முடியாது.

குமாரசாமி ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடினார். போன தடவை மாதிரியே இருக்கிறது, சைவத்தில் இந்தப் பக்குவம் வேறு எந்த வீட்டிலும் வராது என்றார்.

சண்முகவேல் தன் இலையைப் பார்த்தார். கதவோரம் கரண்டியோடு நின்றவளையும் பார்த்தார். பிறகு சோற்றில் குழி பறித்துக்கொண்டே சொன்னார்.

"கந்தம்மா, அவருக்கு இன்னொரு கரண்டி ஊத்து. அப்புறம் எனக்கும்."