பாதி விமானம் விற்பனைக்கு இல்லை

சொந்தமாக விமானம் வைத்திருப்பவர் நாளெல்லாம் பறந்துகொண்டிருப்பார் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பல்லக்காவிடம் சொன்னால் சிரிப்பார். பெரும்பாலும் துடைப்பதுதான் வேலை. இறக்கை மேல் புறா போட்டதைக் காய்வதற்குள் கழுவ வேண்டும். பேட்டரி செத்துக் கிடக்கும். அது உயிரோடு இருக்கிற அன்று காற்று குறுக்கே அடிக்கும். இரண்டும் ஒத்துவருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து யாராவது கல்யாணம் வைத்துவிடுவார்கள்.

பல் செட் செய்வது அவர் தொழில். விமானத் திடலில் அதனால்தான் அந்தப் பெயர். பட்டறை அலமாரியில் ஊரார் ஈறுகளின் அச்சுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே, சாய்த்து வைத்த ஒரு பழைய புரொப்பெல்லர்.

விமானம் இரண்டு பேர் உட்காரக்கூடியது. அப்பாவின் வீட்டை விற்றபோது அண்ணனும் அவரும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். எதை வாங்கினாலும் மனைவி பேரில் எழுதுவது அண்ணனின் பழக்கம். ஆகவே அந்தப் பாதி காகிதத்தில் அண்ணி பேரில் இருந்தது. அண்ணியிடம் கையெழுத்து கேட்டார்களே தவிர, யாரும் கருத்து கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் என்ஜின் சிலிண்டரில் விரிசல். மாற்றுப் பாகம் வந்து சேரும்வரை விமானம் ஷெட்டிலேயே நின்றது. அதுவரை ஒருமுறைகூட அதில் ஏறாத அண்ணன் ஆரம்பித்தார்.

"சும்மா நிக்கறதுக்கு ஒரு ஆடாவது வாங்கியிருக்கலாம். குட்டியாவது போட்டிருக்கும்."

"ஆடு பறக்காதுண்ணா."

"இது மட்டும் பறக்குதா?"

விற்க ஆளும் பார்த்துவிட்டார். வாங்க வருபவருக்கு அனுப்ப, முந்தின வாரமே அண்ணியை விமானத்தின் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார். பல்லக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"என்கூட ஒரு தடவை மேல வா. இறங்கின பிறகும் விக்கணும்னு தோணினா, சாவிய நானே குடுத்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள்: அண்ணன், அண்ணி, வாங்க வந்தவர். பல்லக்கா வழக்கம்போல் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இடது இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் காற்று மோதினால்தான் உள்ளே வேகம் காட்டும் முள் ஏறும். விமானம் நிற்கும்போது தூசு புகாமல் அதற்கு மாட்டிவைக்கும் சிவப்பு உறை இல்லை. சிலிண்டரை மாற்றிய மெக்கானிக் கழற்றியிருப்பார் என்று நினைத்துக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். வாய் சுத்தமாகத்தான் தெரிந்தது.

அண்ணன் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். ஓடுபாதையில் விமானம் சீறிக்கொண்டு ஓடியது. முள் அசையவே இல்லை. பல்லக்கா விசையைக் குறைத்து, பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

"என்னாச்சு?" அண்ணனின் கை கதவுப் பிடியில் ஒட்டியிருந்தது.

"முள் ஏறலை. ஏறலைன்னா போகக் கூடாது."

ஷெட்டுக்குத் திரும்பியதும் அண்ணன் குதித்து இறங்கினார். "பாத்தீங்களா சார்? உயிரோட வந்ததே பெரிசு!"

"விக்கப் போற பொருளை இப்படியா புகழுவ?" என்றார் பல்லக்கா.

வாங்க வந்தவர் அசரவில்லை. "சின்ன விஷயம்தான். நான் எடுத்துக்கறேன்."

"கேட்டியா? சாவியக் குடு."

"மேல போகவே இல்லையேண்ணா. இறங்கின பிறகுதானே பேச்சு?"

மெக்கானிக் குழாயின் பின்பக்க இணைப்பைக் கழற்றி ஊதினார். பயனில்லை. பல்லக்கா தன் பையிலிருந்து, பல் அச்சில் மெழுகு சுரண்டும் மெல்லிய கொக்கியை எடுத்து உள்ளே விட்டார். ஈரமண் உருண்டை ஒன்று வெளியே விழுந்தது. குளவிக் கூடு.

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! அந்தச் சிவப்புத் துணியை நான்தான் கழட்டினேன். போட்டோல கோமணம் மாதிரி தொங்குச்சு."

"அது மாட்டியிருக்கான்னு பாக்க வேண்டியது என் வேலை அண்ணி. உள்ள வரைக்கும் நான் பாக்கலை."

மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டிச் சரிபார்த்தார். பல்லக்கா தனியாக ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்தார். இந்த முறை முள் துள்ளி எழுந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தார்.

"ஏறுண்ணா."

"மாட்டேன்."

"அப்ப விக்கற பேச்சு?"

"அது முடிஞ்சு போச்சு. விக்கறோம்."

"மேல ஏறாதவன் இறங்க முடியாது. சாவி கிடையாது."

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி தன் கைப்பையைக் கணவரின் கையில் திணித்தார். "கொஞ்சம் நகருங்க."

"நீ எங்க போற?"

"என் பாதியப் பாத்துட்டு வரேன்."

தரை விலகியபோது அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். விமானம் சாய்ந்து திரும்பும்போது ஒரு கண்ணைத் திறந்தார். தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்துத் தெருவைப் பிடித்தார். தெருவை வைத்து வீட்டைப் பிடித்தார். மொட்டைமாடிக் கொடியில் காலையில் அவர் காயப்போட்ட போர்வை தபால்தலை அளவுக்குத் தெரிந்தது.

"இதுக்குள்ளயா நாங்க அவ்வளவு சண்டை போடறோம்?" என்றார். பிறகு, "இன்னொரு சுத்து போ."

இறங்கியபோது அண்ணன் கைப்பையோடு அதே இடத்தில் நின்றிருந்தார். அண்ணி நேராக வாங்க வந்தவரிடம் போனார்.

"மன்னிச்சுக்கங்க. இது விக்கறதுக்கில்ல. நான் கையெழுத்து போட மாட்டேன்."

"என்னது?" என்றார் அண்ணன். "உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. உங்க ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வர்றதவிடக் கொஞ்சம் கம்மி."

கைப்பையை வாங்கித் திறந்தார். போன வாரம் மடித்துப் போட்ட சிவப்பு உறை அதற்குள்ளேயே கிடந்தது. இறக்கைக்கு அடியில் குனிந்து அதைக் குழாயில் மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.