மேலறைத் தளம்

மகன் தன் கையாலேயே கூடத்தில் மரப்பலகை பாவுகிறான். மரத்தூளின் மணம் என்னை அறுபதுகளின் செஞ்சிக் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது.

கால் முடங்கிய அம்மா, படியிறங்க இயலாமல், எங்கள் கடைக்கு மேலுள்ள அறையிலேயே தனித்திருந்தார். அவ்வறைக்கு நைனா தாமே தளம் பாவினார், நன்கு உலராத மாம்பலகையால். கோடையில் பலகைகள் சுருங்கின. எங்கும் இடுக்குகள் விழுந்தன.

"இன்னா செட்டியாரே, மல்லாட்டை சலிக்க மேல சல்லடை போட்டுக்கிறீங்களா?" என்று நிலக்கடலை விற்க வந்த உழவர் நகைத்தார். நாணிய நைனா, இடுக்குகளை அடைக்கப் பசையோடு மேலேறினார்.

"அடைச்சிடாதீங்க. கீழ நீங்க பேசறது இப்பத்தான் எனக்குக் கேக்குது," என்றார் அம்மா.

நைனா அடைக்கவில்லை. மறுநாள் முதல் கடையில் உரக்கப் பேசலானார்.

"இடுக்கே இல்ல, பாருங்கப்பா," என்கிறான் மகன்.

தடவிப் பார்க்கிறேன். ஒரு சொல் நுழையவும் இடமில்லை.